வரி எண்பத்தெட்டு

இரவு இரண்டுக்கு ஆரம்பித்தான் யெர்கோ வுகாசோவிச்.
அந்த நேரத்தில் யாரும் படகு பார்ப்பதில்லை என்று கணக்கு.
புன்டா அரேனாஸின் டிசம்பர் இரவு
இருட்டு என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இருட்டாவதில்லை.
ஜன்னலில் நீரிணை ஈயத் தகடாய்க் கிடந்தது.
காற்று வழக்கம்போலக் கூரையோடு பேரம் பேசிக்கொண்டிருந்தது.

ஒரு சொடுக்கு.
பச்சைப் பட்டை எழுபது விழுக்காடு வரை ஓடி
அங்கேயே நின்றது.
பிறகு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே வாசகம்:
பராமரிப்பு நடக்கிறது, ஒரு நிமிடத்தில் வாருங்கள்.

அந்த ஒரு நிமிடம்
மூன்று மணி நேரம் நீண்டது.

நினைவகத்தை இரட்டிப்பாக்கினான். வெள்ளைத் திரை.
செருகுநிரல் கோப்புறையின் பெயரை மாற்றி
எல்லாரையும் வாசலில் நிறுத்தினான்.
ஒவ்வொருவராக உள்ளே வா என்றான்.
ஓத அட்டவணை வந்தது, குற்றமில்லை.
பயணச்சீட்டு வந்தது, குற்றமில்லை.
காற்றின் வேகம் காட்டும் சின்ன முள்,
அவனே எழுதியது, அதனால் அவன் முதலில் சந்தேகப்பட்டது,
அதுவும் சுத்தம்.

காப்புப் பிரதி இருந்தது.
பதினோரு நாள் பழையது.
அதற்குத் திரும்பினால்
கிறிஸ்துமஸுக்கு இடம் பிடித்த நூற்றிருபது பேர்
இடம் பிடிக்காதவர்கள் ஆகிவிடுவார்கள்.

ஐந்தேகாலுக்கு ஃப்ரேசியா அழைத்தாள், சீட்டு ஜன்னலிலிருந்து.
"ரோமம் கத்தரிக்கிற கூட்டம், பதினாறு பேர், கேட்கிறார்கள்.
படகு பழுதா?"
"படகுக்கு ஒன்றுமில்லை. பக்கத்துக்குத்தான்."
"அதை நான் எப்படிச் சொல்ல?
பக்கம் மூடியிருந்தால் கடலும் மூடினமாதிரிதான் அவர்களுக்கு."

மாத்தே ஆறிப்போய்க் கசந்தது.
அப்போதுதான், வேறு வழியில்லாமல்,
கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்டான்:
வட்டில் இடம் இருக்கிறதா?
இல்லை. ஒரு எழுத்துக்குக்கூட இல்லை.

யார் அடைத்தது? படங்களா? பழைய அட்டவணைகளா?
பிழைகளைக் குறித்துவைக்கும் ஏடு.
திறக்கவே நான்கு நிமிடம் எடுத்தது.
மூன்று வருடமாக அதில் ஒரே வாக்கியம்,
ஒவ்வொரு வருகைக்கும் ஒருமுறை, சலிக்காமல்:
வரி எண்பத்தெட்டில் உள்ள கட்டளை இனி செல்லாமல் போகும்.
இனி செல்லாமல் போகும்.
இனி செல்லாமல் போகும்.
யாரும் படிக்காத எச்சரிக்கை
வீடு முழுக்கத் தானே நிறைந்து,
மருந்தோடு வந்தவனை வாசலிலேயே மறித்துவிட்டது.

அழித்தான். வட்டு மூச்சு விட்டது.
பாதியில் நின்ற கோப்புகளை மறுபடி ஏற்றினான்.
ஆனாலும் அதே வாசகம். ஒரு நிமிடத்தில் வாருங்கள்.

நம் எழுத்தில் தலைமேல் புள்ளி ஏறினால்
உயிர் இறங்கிப்போகும், மெய் மட்டும் மிஞ்சும்.
அங்கே கோப்பின் பெயருக்கு முன்னே புள்ளி நின்றால்
மெய் கண்ணுக்கு மறைந்துவிடும்,
உயிர் உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொள்ளும்.
மறைந்தவற்றையும் காட்டு என்றான்.
காட்டியது. ஒரு வரிக் கோப்பு.
நீக்கினான்.

ஏழு பத்துக்கு அட்டவணை நிமிர்ந்தது:
பொர்வெனீர், ஒன்பது மணி, காற்று இருபத்தாறு.

எட்டரைக்குத் துறைக்குப் போனான்,
தெருமுனையில் பிடித்து நடக்கக் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி.
கத்தரிக்காரர்கள் மூட்டைகளோடு ஓடிவந்தார்கள், பதினான்கு பேர்.
மீதி இருவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை.
அவர்களுக்கு முன்பே
எல்சிரா மன்சீயா கோழிக்கூண்டின்மேல் உட்கார்ந்திருந்தாள்.
"இரவெல்லாம் பக்கம் வேலை செய்யவில்லை" என்றான், மன்னிப்புக் கேட்கும் குரலில்.
"எந்தப் பக்கம்?" என்றாள் அவள்,
காற்று வருகிற பக்கம் திரும்பிப் பார்த்து.

ஊது ஒலித்தது. கைப்பேசியில் ஏட்டைத் திறந்தான்.
புத்தம்புதிய ஏடு. அதற்குள் ஒரு வரி.
வரி எண்பத்தெட்டு.
இந்த முறை முழுக்கப் படித்தான்.
படித்துவிட்டு, நாளைக்கு, என்றான்.